ஞானத்தகப்பனின் எல்லை எது?

புதுச்சேரிப் பங்குகளில் உறுதிபூசுதல் நெருங்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு நடக்கும்: பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக யாரைக் கூப்பிடுவது? பெரும்பாலும் சொந்தத்துக்குள்ளேயே ஆள் கிடைத்துவிடுவார். மாமாவோ சித்தப்பாவோ சம்மதித்துவிட்டால் புதுத்துணி, மோதிரம், கோயில் வாசலில் ஒரு படம், மதியம் விருந்து என்று அந்த நாள் நிறைவாக முடியும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அவரை உட்காரவைத்து யாரும் சொல்வதில்லை. நல்ல மனத்தோடு ஏற்றுக்கொண்டவர்கள் தாமாக ஏதோ ஊகித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இது ஞானப்பெற்றோருக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கும் ஆசிரியை, தெருவில் அன்பியம் என்னும் சிறு செபக் கூட்டத்தை நடத்தும் அம்மா, சபைக்குப் புதிதாக வந்த இளைஞனுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுக்கும் அண்ணன், கல்லூரி விடுதியில் செபக்குழு கூட்டும் அக்கா எல்லாரும் ஒரே வேலையைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் ஒரு பெயர் சொல்வார்கள், மற்றச் சபையார் வேறு பெயர் சொல்வார்கள். இன்னொரு மனிதர் கடவுளை நோக்கி நடக்கும்போது கூட நடப்பதுதான் அந்த வேலை.

அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இரண்டு வகை. “அவன் கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டான், நான் தோத்துட்டேன்” என்பது ஒன்று. “அந்தப் பொண்ணு என்னைக் கேக்காம எதுவும் செய்யாது” என்பது மற்றொன்று. முன்னது வருத்தத்தில் வருவது, பின்னது பெருமிதத்தில் வருவது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இன்னொருவருடைய விசுவாசம் என் கையில் இருக்கிறது என்ற எண்ணமே அந்த வேர். அந்த எண்ணம் ஏன் தவறு, அதை விட்டபின் எஞ்சும் பொறுப்பு எது என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

விவிலியத்தில் இதை விளக்க ஏலியின் கதையைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. சீலோ ஆலயத்தின் குரு அவர். வயதாகிக் கண் மங்கிவிட்டது. பெற்ற மகன்கள் காணிக்கையைத் தின்று, வழிபாட்டுக்கு வரும் மக்களை அவமதித்து வாழ்ந்தார்கள். அவர்களை அடக்க அவரால் முடியவில்லை. அவர் பொறுப்பில் வளர்ந்த சிறுவன் சாமுவேல். ஓர் இரவு யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சாமுவேல் ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மறுபடி ஓடி வருகிறான். மூன்றாம் முறைதான் ஏலிக்குப் புரிகிறது, கூப்பிடுகிறவர் ஆண்டவர் என்று.

இங்கே ஏலி வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். “என் பக்கத்தில் உட்கார், இனிமேல் குரல் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். குரு அவர்தானே, கடவுளின் சொல்லைக் கேட்டு மக்களுக்குச் சொல்வது அவருடைய பதவிக்குரிய உரிமை. அவர் அப்படிச் செய்யவில்லை. மறுபடி குரல் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்து, அவனைத் தனியாக அவன் படுக்கைக்கே திருப்பி அனுப்பினார். மறுநாள் காலையில் சாமுவேல் கொண்டுவந்த செய்தி ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பாக இருந்தது. பயந்து தயங்கிய பையனிடம், எதையும் மறைக்காதே என்று கேட்டு வாங்கி, அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

வழிகாட்டும் வேலை முழுவதும் இந்த ஓர் இரவுக்குள் இருக்கிறது. குரல் தன்னுடையது அல்ல என்று அறிந்துகொள்வது, பிள்ளையை அந்தக் குரலிடமே அனுப்புவது, பிறகு அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து தனக்கே கசப்பான உண்மை வந்தாலும் கேட்டுக்கொள்வது. மூன்றில் கடைசிதான் கடினம். நம்மிடம் படித்தவர்கள் நம்மைத் திருத்துவதை நாம் எளிதில் பொறுப்பதில்லை.

ஏலி குறையில்லாத மனிதர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். “எனக்கே ஆயிரம் குறை, நான் யாருக்குச் சொல்ல?” என்று ஒதுங்குகிறவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அதைத் தாழ்ச்சி என்று அவர்களே நம்புகிறார்கள், மற்றவர்களும் பாராட்டுகிறார்கள். தாழ்ச்சி என்பது தன்னைப் பற்றிக் குறைவாகப் பேசிக்கொண்டிருப்பது அன்று. அப்படிப் பேசுகிறவரும் தன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார். தான் யார், கடவுள் யார் என்ற அளவு தெரிந்து, தனக்குக் கொடுத்த சிறு வேலையைச் செய்துவிட்டு விலகி நிற்பதே தாழ்ச்சி. கண் மங்கிய, மகன்களிடம் தோற்ற அந்தக் கிழவரால் அது முடிந்தது.

தனி மனிதரிடம் நடப்பது ஒரு திருச்சபையிலும் நடக்கும். புதுச்சேரியின் வரலாறு இதற்கு நல்ல பாடம். இந்த ஊரின் கிறிஸ்தவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1792இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் குரு அபே துபுவா. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். மைசூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்தார். ஊர் வழக்கப்படி உடுத்தி, ஊர் உணவை உண்டு, அம்மை குத்தும் பணியைப் பரப்பி, நம்மவர் பழக்கவழக்கங்களைப் பற்றி உலகம் படித்த நூலையும் எழுதினார். 1823இல் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அதே ஆண்டு வெளியான அவருடைய கடிதங்கள் இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றியவை. இந்த நாட்டில் மெய்யான மனமாற்றம் நடக்க இனி வழியே இல்லை என்பதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. துபுவா பொய் சொல்கிறவர் அல்லர். தன் கண்ணால் கண்டதையும், முப்பது ஆண்டு உழைப்பில் கைக்குக் கிடைத்ததையும் கணக்கிட்டு நேர்மையாக எழுதினார். ஆனால் தன் கண்ணுக்கு எட்டியது மட்டுமே கணக்கு என்று எடுத்துக்கொண்டார். உழைத்துக் களைத்த எந்த மறைக்கல்வி ஆசிரியரும் ஒரு மாலையில் வந்து நிற்கும் இடம் அது. அந்த இடத்தில் நிற்பவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. அந்த இடத்தில் நின்றுகொண்டு தீர்ப்பு எழுத வேண்டாம் என்றுமட்டும் சொல்வேன்.

ஏனென்றால் அடுத்த ஆண்டே, 1824இல், அதே சபையிலிருந்து அதே ஊருக்கு இன்னொருவர் வந்தார். கிளெமான் பொன்னாந்த் என்று பெயர். முதலில் தெலுங்கு மக்களிடையே பணி செய்து, 1836இல் புதுச்சேரியின் ஆயர் பொறுப்பை ஏற்றார். துபுவா கண்ட அதே மக்கள், அதே வறுமை, அதே சாதிக் கட்டுகள். இவர் கேட்ட கேள்வி வேறு: இந்த மக்களுக்குள்ளிருந்தே குருக்களை எப்படி உருவாக்குவது? 1844இல் அவர் புதுச்சேரியில் கூட்டிய மாமன்றம் அந்தக் கேள்வியை மையமாக வைத்தது. உள்ளூர்க் குருக்களைத் தேர்ந்து பயிற்றுவிப்பது, அதற்கான பள்ளிகளை நடத்துவது, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது என்று பேசினார்கள். இன்று மகாத்மா காந்தி வீதியில் நிற்கும் பெத்தி செமினேர் பள்ளிக்கும் அதே 1844தான் தொடக்க ஆண்டு. மாமன்றத்தின் முடிவுகளை லுக்கே என்ற இளம் குரு ரோமுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு, 1845 நவம்பரில், மறைபரப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் ரோம் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. உள்ளூர்க் குருக்களை வெறும் உதவியாளராக வைத்திருக்காதீர்கள், ஆயர்களாகும் அளவுக்கு வளர்த்தெடுங்கள் என்பது அதன் சாரம்.

புதுச்சேரியில் எழுந்த சிந்தனைக்கு அத்தனை பெரிய விளைவு. ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும்.

துபுவாவும் பொன்னாந்தும் சேர்ந்திருந்த பாரிஸ் சபை உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதற்காகவே தொடங்கப்பட்டது. 1659இலேயே ரோம் அந்தச் சபையின் முன்னோடிகளுக்கு, உங்கள் நாட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விசுவாசத்தைக் கொண்டுபோங்கள் என்ற பொருளில் எழுதியிருந்தது. கொள்கை தெளிவு. 1844இல் அதைப் புதுப்பித்து உறுதிசெய்தாயிற்று. 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமும் ஆயிற்று. தமிழர் ஒருவர், திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, தூத்துக்குடிக்கு ஆயரானது 1923இல். புதுச்சேரியின் பேராயர் இருக்கையில் இந்தியர் ஒருவர், அம்புரோஸ் ராயப்பன் ஆண்டகை, அமர்ந்தது 1955இல். பிரெஞ்சு ஆட்சியே ஊரைவிட்டு 1954 நவம்பரில் போயிருந்தது. மாமன்றத்திலிருந்து எண்ணினால் 111 ஆண்டு.

ஏன் இவ்வளவு காலம்? காரணங்கள் பல. காலனி ஆட்சியின் நிழல், சாதிப் பூசல்கள், ஆள் பற்றாக்குறை. ஆனால் எல்லாக் காரணங்களுக்கும் அடியில் பொறுப்பில் இருப்பவர்களின் மனத்தில் ஓடும் ஒரு நினைப்பு உண்டு: இவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. கெட்ட எண்ணத்தில் பிறப்பதன்று இந்த நினைப்பு. அக்கறையில் பிறப்பது. அதனாலேயே ஆபத்தானது. பக்குவம் வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் உரிமை வழிகாட்டியிடம் மட்டும் இருக்கும்வரை பக்குவம் வரவே வராது. அவன் செபம் நடத்தட்டும் என்று விட்டால்தானே செபம் நடத்தத் தெரியும்? அன்பியத்தில் பத்தாண்டாக ஒரே அம்மாவே வாசகம் படித்து, அவரே விளக்கி, அவரே மன்றாட்டையும் சொல்லி முடிக்கும் இடங்கள் நமக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கூச்சம் என்று அவர் சொல்வார். கூச்சம் போவதற்கு அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

இங்கேதான் கடவுளை நம்புவது என்றால் என்ன என்பது தெளிவாகிறது. வழிகாட்டுகிறவர் தன் மாணவரை முழுக்க நம்பிவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனிதர் தவறுவார்கள். அவரிடம் ஒரு காரியத்தை ஒப்படைக்கும்போது நாம் நம்புவது அவருக்குள் வேலை செய்யும் தூய ஆவியை. பொறுப்பைக் கொடுக்க மறுக்கும்போது நாம் சந்தேகிப்பதும் மாணவரை மட்டும் அல்ல.

அந்தக் காலத்தில் இதைச் செய்துகாட்டியவர்களும் இருந்தார்கள். 1844 மாமன்றத்தை ஒட்டி, பெண் கல்விக்காகத் தமிழ்ப் பெண்களைக்கொண்டே ஒரு துறவற சபையை அருட்தந்தை லூயி சவினியேன் துப்புயி தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் அமைந்த அந்தச் சபையின் சகோதரிகள் இன்றும் பள்ளிகள் நடத்துகிறார்கள். பெண் பிள்ளை எழுத்துப் படிப்பதே தகாது என்று பேசிய காலம் அது. அவர்களுக்குக் கற்பிக்க வெளிநாட்டுச் சகோதரிகள் வருவார்கள் என்று காத்திருக்காமல், இந்த ஊர்ப் பெண்களாலேயே முடியும் என்று துப்புயி சுவாமி நம்பினார். அவரும் மற்றொரு குருவான முசே சுவாமியும் சேர்ந்து தமிழ் பிரெஞ்சு அகராதி ஒன்றையும் உருவாக்கினார்கள். கற்பிக்க வந்தவர் முதலில் பல ஆண்டு மாணவராக உட்கார்ந்தார் என்பதற்கு அந்த அகராதி சான்று. அகராதி எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் யாரிடமாவது போய், இதற்கு என்ன பொருள் என்று கேட்டாக வேண்டும். கேட்டுப் பழகிய மனிதருக்குக் கேட்கப்படுகிறவரை மதிக்கத் தெரியும். 1874இல் அவர் இறந்தபோது அவர் கையைவிட்டு அந்தச் சபை வளர்ந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால், மாணவர்கள் குருவைத் திருத்திய ஒரு நிகழ்ச்சியும் இந்த ஊரிலேயே உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அதை 1745 அக்டோபரில் பதிவுசெய்கிறது. சாம்பா கோயில் என்ற கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளே சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. சுவரை வைத்துக்கொண்டு பூசையும் நடந்தது. ஒருநாள் தாழ்த்தப்பட்டோர் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், நாங்கள் உங்கள் சீடர்கள் என்பது மெய்யானால் எல்லாரையும் ஒன்றாக நடத்துங்கள் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. பல ஆண்டு இறையியல் படித்துக் கடல் தாண்டி வந்தவர்களுக்குத் தெரியாமல் போனது, அவர்களிடம் ஞானோபதேசம் கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏலிக்குச் சாமுவேல் சொன்னது போலவே. சுவர் இடிந்ததோடு கோயில்களில் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் குரு கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டதால் ஒரு சுவர் குறைந்தது.

மூன்று ஆண்டு கழித்து அதே கோயிலையொட்டி நடந்த வேறொன்றையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்சின் இசைவோடு இடிக்கப்பட்டது. அதற்காக நெடுங்காலம் வற்புறுத்தி வந்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். இதை மறைத்துவிட்டுத் தாழ்ச்சியைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப்படவில்லை. கடவுளே மனித உள்ளத்தைத் தொடுகிறார் என்று உண்மையாகவே நம்புகிறவருக்கு அடுத்தவருடைய கோயிலை இடிக்க வேண்டிய தேவை இல்லை. பலாத்காரம் எங்கே நுழைகிறதோ அங்கே கடவுள்மேல் நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டது.

இன்று சுவரும் கடப்பாரையும் இல்லை. பலாத்காரம் மென்மையான வடிவங்களில் வருகிறது. ஓர் இளைஞன் வேலை மாறலாமா என்று கேட்கிறான். வழிகாட்டுகிறவர் கண்ணை மூடி, “வேண்டாம்னு கர்த்தர் எனக்குச் சொல்றார்” என்கிறார். அதன்பிறகு அந்த இளைஞன் என்ன பேச முடியும்? யோசனை சொல்லலாம், எச்சரிக்கலாம், உடன்பாடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அவையெல்லாம் “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்ற அளவில் நிற்பவை, கேட்பவர் மறுக்கலாம். கடவுளின் பெயரை வைத்து வாயடைத்துவிட்டால் மறுக்க வழியில்லை. கல்யாணம், படிப்பு, வீடு, வேலை என்று ஒவ்வொன்றாக இப்படி ஒருவர் கைக்குப் போய்விட்ட வாழ்க்கைகள் எல்லாச் சபைகளிலும் உண்டு. அப்படி வளர்ந்தவருக்குக் கடவுளைவிட அந்த மனிதர்மேல்தான் பயம் இருக்கும். அவர் ஒருநாள் தவறிவிட்டால், அவரோடு சேர்த்துக் கடவுளையும் விட்டுவிடுவார்.

இரகசியம் காப்பது இன்னொன்று. ஒருவர் அழுதுகொண்டே சொன்ன வீட்டுப் பிரச்சினையை, மறுநாள் கூட்டத்தில் “ஒரு சகோதரிக்காகச் செபிப்போம்” என்று விவரத்தோடு சொல்வது செபம் அன்று. பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆத்துமத்தை நம்மிடம் திறந்து காட்டியவர் அதை நமக்குக் கொடுத்துவிடவில்லை.

தன் எல்லையை அறிவதும் இதில் சேரும். மனச்சோர்வில் தூக்கமின்றித் தவிப்பவருக்கு மருத்துவர் தேவை. வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் சட்ட உதவியும் தேவை. “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு” என்று சொல்கிறவர் கடவுளை நம்பச் சொல்லவில்லை, தன் சொல்லை நம்பச் சொல்கிறார். சிறுவர் சிறுமியரிடம் பணி செய்கிறவர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் தனியாகப் பேசாமல் இருப்பது, பெற்றோருக்குத் தெரியாமல் தனித் தொடர்பு வைக்காமல் இருப்பது, தன்மேல் கேள்வி எழுந்தால் கோபப்படாமல் பதில் சொல்வது எல்லாம் தாழ்ச்சியின் அன்றாட வடிவங்கள். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று பொங்குகிறவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் சிலர் மறுமுனைக்குப் போய்விடுவார்கள். “சரி, எல்லாம் கடவுள் பாத்துப்பார், நான் ஏன் நடுவுல?” கடவுளை நம்புவது என்பது கைகழுவுவது ஆகாது. பவுல் தான் நட்டதையும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதையும் மறுக்கவில்லை. வளரச் செய்தவர் கடவுள் என்று மட்டும் சொன்னார். நடாமல், நீர் பாய்ச்சாமல் இருந்துவிட்டு விளைச்சலை அவர்மேல் போடுவது நம்பிக்கையின் பெயரில் செய்யும் சோம்பல். நீர் பாய்ச்சுவது எப்படி என்று பர்னபா காட்டினார். பாதி வழியில் விட்டுப் போன மாற்கை அடுத்த பயணத்துக்குச் சேர்க்கப் பவுல் மறுத்தார். பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு வேறு வழியில் போனார். பின்னாளில் பவுலே மாற்கைத் தனக்குப் பயன்படுபவர் என்று கேட்டு அழைத்தார். பர்னபா அன்றைக்கு மாற்கின் பக்கத்தில் இருந்தார் என்பதைத் தவிர வேறு பெரிதாக எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அந்த இருப்புதான் வேலை.

தமிழ் மண்ணில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் கண்முன்னே இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்டவர் டச்சுப் படையைச் சேர்ந்த தெ லனாய். பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவித்தவர். அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நொந்துபோயிருந்தபோது, தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. அவர் குருவும் அல்லர், உபதேசியாரும் அல்லர். தோற்றுப் பிடிபட்ட ஒரு படைவீரர். கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சொல்லிக்கொடுத்தவர் மன்னரின் பணியில் தொடர்ந்தார். கேட்டவர் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னரிடம் அத்தனை செல்வாக்கு இருந்தும் தெ லனாய் அவரைக் காப்பாற்றவில்லை, அல்லது காப்பாற்ற முடியவில்லை. 2022 மே 15ஆம் நாள் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் தேவசகாயம்தான். தெ லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெ லனாய் செய்தது துன்பத்தில் இருந்த நண்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னதுதான். அதன் பிறகு நடந்த எதுவும் அவர் திட்டம் இல்லை. அவர் போக முடியாத தூரம் மாணவர் போனார். நாம் வழிகாட்டும் பிள்ளைகள் நம் அளவோடு நின்றுவிட வேண்டும் என்று யாராவது விதித்திருக்கிறார்களா?

பிள்ளை நம்மைத் தாண்டிப் போகலாம். நம் சபையை விட்டு வேறு சபைக்குப் போகலாம். சில ஆண்டு எங்குமே போகாமல் இருக்கலாம். இந்த மூன்றையும் நாம் ஒரே துக்கமாக அழுகிறோம். முதலாவது மகிழ்ச்சி. இரண்டாவது பெரும்பாலும் நம் மானப் பிரச்சினை. மூன்றாவதில்தான் வலிக்க இடம் உண்டு. அங்கேயும் தொலைபேசியில் வசனங்களை அனுப்பிக்கொண்டே இருப்பதும், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதும் வழி இல்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துவதும், அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்ப் பார்ப்பதும், கோயில் பேச்சை எடுக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு வருவதும் வழி. மற்றதை இரவுச் செபத்தில் கடவுளிடம் பேசிக்கொள்ளலாம். அவனிடம் கடவுளைப் பற்றிப் பேசுவதைவிடக் கடவுளிடம் அவனைப் பற்றிப் பேச வேண்டிய காலம் அது.

இப்படிச் சத்தமில்லாமல் கூட நடந்தவர்கள் நமக்கு முன்பும் இருந்தார்கள். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர், அதாவது உபதேசியார், பணியைத் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தினார். தமிழருக்கு அந்தப் பணி புதிதன்று. குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப்பார்க்க முடியாத ஊர்களில் உபதேசியார்கள்தாம் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, இறந்தவர்களை அடக்கம் செய்து விசுவாசத்தைக் காத்தார்கள். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்ற நூலை எழுதினார். மற்றவர்களை எப்படித் திருத்துவது என்பதைவிட, சொல்லிக்கொடுக்கிறவர் எப்படி வாழ வேண்டும் என்பதே அவர் அக்கறை. அந்த உபதேசியார்களில் மிகப் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் சொல்லிக்கொடுத்த செபங்களைத்தான் நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த ஆண்டு ஞானத்தகப்பனாகவோ ஞானத்தாயாகவோ நிற்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மோதிரம் வாங்குவதற்கு முன் அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் தனியாக, பெற்றோர் பார்வையில், திண்ணையிலோ கடற்கரைச் சாலையிலோ உட்காருங்கள். கடவுளைப் பற்றி உனக்கு என்ன சந்தேகம் என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள்; இருவருமாகப் பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள். ஏற்கெனவே ஞானப்பெற்றோராக நின்று பல ஆண்டு ஆகிவிட்டவர்கள், அந்தப் பிள்ளையின் பெயரை இன்றிரவே செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் ஒருமுறை கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.